எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம்? நுண்கலை அருங்காட்சியகங்களும் இஸ்லாமியக் கலைப்பொருள்களும்

ஒரு பெரிய நுண்கலை அருங்காட்சியகத்தின் நிகழ்ச்சி நிரலைக் கையிலெடுத்துப் பார்ப்போர் அதில் இருவகைச் செய்திகளைக் காண்பர். இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை இன்ன கண்காட்சி நடைபெறும் என்பது ஒன்று. அதனையொட்டி இன்ன நாளில் இன்னார் உரையாற்றுவார் என்பது மற்றொன்று. கண்காட்சியும் உரையும் இவ்வாறு இணைந்தே வருவது இன்று இயல்பாகிவிட்டது. ஆயினும் சற்று நின்று சிந்திப்போமானால் ஒரு கேள்வி எழும். கண்ணால் காண்பதற்கென்றே வைக்கப்பட்ட பொருளுக்கு ஒருவர் வந்து விளக்கம் சொல்லவேண்டிய தேவை என்ன? அழகிய பொருள் தன் அழகைத் தானே உணர்த்தாதா?

இக்கேள்வி அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து நுண்கலை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்தது. அதற்கு ஆழ்ந்த விடையொன்றைத் தந்தவர் கொழும்பில் பிறந்த தமிழர் ஒருவரின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. முஸ்லிம் உலகின் கைவினைச் செல்வங்களுள் மிகச் சிறந்தவை பல இன்று இலண்டன், பாரிஸ், நியூயார்க், போஸ்டன் முதலிய நகரங்களின் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. தொழுவதற்காகவும் ஓதுவதற்காகவும் விரிப்பதற்காகவும் விளக்கேற்றுவதற்காகவும் செய்யப்பட்ட அவை, இன்று பார்ப்பதற்காக மட்டும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே குமாரசுவாமி எழுப்பிய கேள்வி நம்மையும் நேரடியாகத் தொடுகிறது. அதனை இக்கட்டுரையில் ஆராய முயல்வோம்.

போஸ்டனில் தொடங்கிய மரபு

போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1870ஆம் ஆண்டு நிறுவப்பெற்று, 1876ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டு ஹண்டிங்டன் நிழற்சாலையில் உள்ள இன்றைய கட்டடத்திற்கு இடம்பெயர்ந்தது. தொடக்க காலத்தில் கிரேக்க, உரோமானியச் சிற்பங்களின் சுண்ணச்சாந்துப் படிகளே அங்கு மிகுதியாக வைக்கப்பட்டிருந்தன. மூலப்பொருள்களைச் சேர்க்கும் முயற்சி படிப்படியாகவே வளர்ந்தது. கிழக்கு நாடுகளின் கலைக்கு அங்குச் சிறப்பிடம் கிடைத்ததும் அம்முயற்சியின் பயனே. ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா காகுசோ 1904ஆம் ஆண்டு முதல் அங்குப் பணியாற்றினார்.

அந்நிறுவனத்தின் செயலாளராக 1893ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் பணிபுரிந்தவர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். அருங்காட்சியகத்திற்கு வருவோரின் இடர்ப்பாடுகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1916ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. நல்ல கண்பார்வையுடைய ஒருவரைக் கூடங்களுக்கு அழைத்துச் சென்று, பேழைகளிலுள்ள பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளைக் கேட்டார். விடை காண்பதற்காக அம்மனிதர் எவ்வாறெல்லாம் குனிந்தார், குந்தினார், கழுத்தை வளைத்தார் என்பதைப் புகைப்படங்களாகப் பதிவு செய்தார். பேழைகள் அமைந்த முறையே பார்வையாளரைக் களைப்படையச் செய்கிறது என்பதை இதன்வழி நிறுவினார். ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்னும் கருத்து அதன் பின்னரே பரவலாயிற்று.

கில்மனின் மற்றொரு பணி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பார்வையாளருடன் கூடங்களில் நடந்துசென்று, பொருளின் முன் நின்று விளக்கும் ஒருவர் தேவை என்று அவர் கருதினார். 1907ஆம் ஆண்டு அத்தகையோர் அங்கு நியமிக்கப்பட்டனர். ‘டோசண்ட்’ என்று அவர்களுக்கு இடப்பட்ட பெயர், கற்பித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. இன்று அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவற்றிலும் அப்பெயரே வழங்குகிறது. நிகழ்ச்சி நிரலில் நாம் காணும் ‘கூட உரை’ என்பதன் தொடக்கங்களுள் இது முதன்மையானது.

எனினும் கில்மனின் நோக்கில், நுண்கலை அருங்காட்சியகத்தின் முதற்பணி அழகை நுகரச் செய்வதே ஆகும். கல்வி அதற்கு அடுத்த நிலையிலேயே வரும். அதே நிறுவனத்திற்குள் இக்கருத்தை மறுத்து நின்றவர் குமாரசுவாமி.

குமாரசுவாமியின் கேள்வி

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி. தாயார் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் பயின்று, இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிக்குத் தலைமையேற்றார். பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்ற அந்த ஆண்டுகளில்தான் இலங்கைக் கைவினைஞர்களின் தொழில் நலிந்துவருவதை அவர் கண்டார். 1908ஆம் ஆண்டு வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் அந்த அனுபவத்தில் விளைந்தது.

1917ஆம் ஆண்டு அவர் போஸ்டனுக்கு வந்தார். அவர் திரட்டியிருந்த இந்தியக் கலைத்தொகுப்பின் பெரும்பகுதியை, அருங்காட்சியகத்தின் அறங்காவலருள் ஒருவரான டென்மன் ராஸ் வாங்கி நிறுவனத்திற்கு வழங்கினார். அதன் காப்பாளராகக் குமாரசுவாமியே அமர்ந்தார். 1947ஆம் ஆண்டு மறையும் வரை, முப்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தார். பிற்காலத்தில் அவர் வகித்த பதவியின் பெயர் இந்திய, பாரசீக, ‘முஹம்மதிய’ கலை ஆராய்ச்சியாளர் என்பதாகும். முஸ்லிம்கள் பொதுவாகத் தம்மைக் குறிக்க விரும்பும் பெயர் அதுவன்று. அது அக்கால மேலைநாட்டு வழக்கு. அவர் பெயரிலேயே இன்று அங்கு அமைந்துள்ள காப்பாட்சியர் பதவி, தெற்காசிய மற்றும் இஸ்லாமியக் கலைக்குரியதாக வழங்குகிறது.

1941ஆம் ஆண்டு அமெரிக்க அருங்காட்சியகத் துறையினர் முன் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ஒரு கேள்வி: கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம்? அவ்வுரையைத் தலைப்புக் கட்டுரையாகக் கொண்ட நூல் 1943ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் முன்வைத்த வாதத்தை நம் சொற்களில் சுருக்கிக் கூறுவோம்.

அருங்காட்சியகம் ஏன் தோன்றியது? தமக்குரிய இடத்தை இழந்து, தாம் செய்யப்பட்ட நோக்கிற்குப் பயன்படாமல் போய், அழியும் நிலையிலுள்ள பழம்பொருள்களைக் காப்பதற்காக. காப்பதற்கு மட்டும் என்றால் காட்சி தேவையில்லை. பூட்டி வைத்தால் போதும். காட்சிக்கு வைக்கிறோம் என்றால் அதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். வேடிக்கையும் பொழுதுபோக்கும் அக்காரணமாகா. கற்பித்தல் ஒன்றே தகுந்த காரணம். எதைக் கற்பிப்பது? செய்தவரின் பெயரையும் காலத்தையும் பாணியையும் மட்டுமன்று. இப்பொருள் எதற்காகச் செய்யப்பட்டது, செய்தவரும் பயன்படுத்தியவரும் அதனை என்னவாகக் கருதினர், அவர்கள் எந்த நம்பிக்கையில் வாழ்ந்தனர் என்பவற்றைக் கற்பிக்கவேண்டும். அவ்வாறு கற்றவருக்கே அப்பொருளின் அழகும் முழுமையாக விளங்கும். ஏனெனில், அழகு பயனின்மேல் பூசப்பட்ட பூச்சு அன்று. பயன் செவ்வனே நிறைவேறும்போது வெளிப்படும் ஒளி என்பதே அவர் கொள்கை.

இதிலிருந்து மற்றொரு முடிவும் பிறக்கிறது. ‘நுண்கலை’ என்றும் ‘பயன்கலை’ என்றும் இருவேறு பெட்டிகளில் கலையைப் பிரித்துவைப்பது அண்மைக் கால ஐரோப்பாவின் பழக்கம் என்றும், உலகின் பிற நாகரிகங்களுக்கு அது பொருந்தாது என்றும் அவர் வாதிட்டார். இஸ்லாமிய நாகரிகத்தை அறிந்தோர்க்கு இதன் உண்மை எளிதில் புலப்படும். அந்நாகரிகத்தின் கலைகளுள் தலைமையிடம் எழுத்தணிக் கலைக்குரியது. திருக்குர்ஆன் படிகளில் மட்டுமன்றி வாளிலும் வட்டிலிலும் துணியிலும் ஓட்டிலும் விளக்கிலும் அது படர்ந்தது. நீர்க்குவளை ஒன்றையும் பள்ளிவாசலின் முகப்பையும் ஒரே அழகுணர்வு இணைத்தது. ஐரோப்பிய அளவுகோலின்படி ‘அலங்காரக் கலை’ என்று இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டவை, அவற்றைச் செய்த சமுதாயத்தில் முதல் வரிசையில் இருந்தவை.

மூன்று பொருள்கள்

இக்கொள்கை நடைமுறையில் எவ்வளவு பயன்படும் என்பதை மூன்று பொருள்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, போஸ்டனிலேயே உள்ள ஒரு முகலாயச் சித்திரம். விக்டர் கொலூபியூ என்பார் திரட்டிய பாரசீக, இந்தியச் சிற்றோவியத் தொகுப்பை அவ்வருங்காட்சியகம் 1914ஆம் ஆண்டு பெற்றது. அதன் விளக்கப் பட்டியலை 1929ஆம் ஆண்டு பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவரும் குமாரசுவாமியே. அத்தொகுப்பில் ஒரு கோட்டோவியம் உள்ளது. எலும்புக்கூடு போன்ற ஒரு மனிதர் திண்டுகளில் சாய்ந்து கிடக்கிறார். விலாவெலும்புகள் எண்ணிவிடக் கூடியவையாகத் துருத்தி நிற்கின்றன. இதனை ‘நோயாளி’ என்று மட்டும் குறித்தால் பார்வையாளர் கோட்டின் நேர்த்தியை வியந்துவிட்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுவார்.

ஜஹாங்கீர் பேரரசர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ள செய்தியை அருகில் வைத்துப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. அவருடைய அவையினருள் ஒருவரான இனாயத் கான், அபினும் மதுவும் அளவிறந்து கொண்டமையால் உடல் நலிந்து, 1618ஆம் ஆண்டு ஆக்ராவுக்குச் செல்ல விடை கேட்டுப் பல்லக்கில் அரசர் முன் கொணரப்பட்டார். எலும்பும் தோலுமான அவ்வுருவைக் கண்டு திகைத்த ஜஹாங்கீர், அதனை வரைந்து வைக்குமாறு ஓவியர்களுக்கு ஆணையிட்டார். வழிச்செலவுக்குப் பொருளும் அளித்தார். விரைவிலேயே இனாயத் கான் இறந்துபோனார். போஸ்டனில் இருப்பது கோட்டோவியம்; வண்ணந்தீட்டிய ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

இச்செய்தியை அறிந்தபின் நம்முன் எழும் கேள்விகள் வேறு. இறக்கும் மனிதரை உற்றுநோக்கி வரையச் சொன்ன அரசரின் உள்ளத்தில் இருந்தது இரக்கமா, வியப்பா, ஆராய்ச்சி ஆர்வமா? மது, அபின் ஆகியவற்றின் பிடியில் தாமும் இருந்ததை அதே குறிப்புகளில் மறைக்காமல் எழுதியவர் ஜஹாங்கீர். அவருக்கு இவ்வுருவம் ஓர் எச்சரிக்கையாகத் தோன்றியிருக்குமா? இவற்றுக்கு ஓவியம் விடை சொல்வதில்லை. ஆனால் இக்கேள்விகளோடு பார்ப்பவரும் அவையின்றிப் பார்ப்பவரும் ஒரே ஓவியத்தைப் பார்ப்பதாகச் சொல்ல முடியாது. உருவம் வரைதல் குறித்து மார்க்க அறிஞர்கள் கொண்டிருந்த தயக்கத்தையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். இத்தகைய சித்திரங்கள் பொதுவிடங்களில் மாட்டப்பட்டவை அல்ல. அரசவை நூலகத்தின் ‘முரக்கா’ என்னும் தொகுப்பேடுகளில் எழுத்தணிப் பக்கங்களோடு சேர்த்துக் கட்டப்பட்டு, மடியில் வைத்து ஓரிருவர் மட்டும் புரட்டிப் பார்த்தவை. அவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதே அருங்காட்சியகம் செய்த மாற்றம்தான்.

இரண்டாவது, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள மிஹ்ராப். இஸ்ஃபஹான் நகரத்து இமாமி மதரஸாவுக்காக ஹிஜ்ரி 755, அதாவது கி.பி. 1354-55இல் செய்யப்பட்டது. ஏறத்தாழ 3.4 மீட்டர் உயரமுடைய இதில், நீலமும் வெண்மையுமான ஓட்டுத்துண்டுகள் ஒவ்வொன்றும் வேண்டிய வடிவில் தனித்தனியே வெட்டி இழைக்கப்பட்டுள்ளன. 1939ஆம் ஆண்டு அந்நிறுவனம் இதனைப் பெற்றது. புறவிளிம்பில் ஓடும் எழுத்துகள் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தின் 18 முதல் 22 வரையிலான வசனங்கள். இறைவனின் பள்ளிவாசல்களைப் பராமரிக்கத் தகுதியுடையோர் யாவர் என்பதை அப்பகுதி சொல்லத் தொடங்குகிறது. உள்வளைவில் இஸ்லாத்தின் ஐந்து தூண்களைக் கூறும் நபிமொழி கூஃபி எழுத்தில் அமைந்துள்ளது.

அரபி படிக்கத் தெரியாத பார்வையாளருக்கு இவையனைத்தும் ‘அலங்காரம்’. படிக்கத் தெரிந்தவருக்கோ, பள்ளிவாசலைப் பற்றிப் பேசும் வசனம் பள்ளிவாசலிலிருந்து பிரிக்கப்பட்ட ஓர் உறுப்பின்மீது நிற்பது உள்ளத்தை உறுத்தும். மிஹ்ராபின் பணி கிப்லாவைக் காட்டுவது. அது எந்தச் சுவரில் இருந்ததோ அந்தச் சுவர்தான் அதற்குத் திசையைத் தந்தது. சுவரை இழந்த மிஹ்ராப் திசையையும் இழக்கிறது. விளக்கக் குறிப்பு இதனைச் சொல்லாவிட்டால், அழகிய ஓட்டுவேலை என்ற அளவிலேயே அது நின்றுவிடும்.

மூன்றாவது, இலண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அர்தபீல் கம்பளம். 1334ஆம் ஆண்டு மறைந்த சூஃபிப் பெரியார் ஷெய்கு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்திற்காக, ஷா தஹ்மாஸ்பின் ஆட்சிக்காலத்தில் நெய்யப்பட்டது. ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40 என்னும் ஆண்டும் மக்ஸூத் காஷானீ என்னும் பெயரும் அதிலேயே நெய்யப்பட்டுள்ளன. நீளம் ஏறத்தாழ 10.5 மீட்டர், அகலம் 5.3 மீட்டர். பட்டிழையைப் பாவாகவும் ஊடையாகவும் கொண்டு, கம்பளி நூலால் 10 சென்டிமீட்டர் சதுரத்திற்கு ஏறத்தாழ 5,300 முடிச்சுகள் இடப்பட்டுள்ளன.

இக்கம்பளம் தனித்த ஒன்றன்று. இணையாக நெய்யப்பட்ட இரண்டனுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அர்தபீலை விட்டு வெளியேறி வணிகர் கைக்கு வந்தபோது இரண்டுமே சிதைந்திருந்தன. ஒன்றை முழுமையாக்குவதற்காக மற்றொன்றின் பகுதிகள் எடுக்கப்பட்டன. முழுமையாக்கப்பட்டதை, வில்லியம் மோரிஸின் வலியுறுத்தலின்பேரில் 1893ஆம் ஆண்டு 2,000 பவுனுக்கு அன்றைய தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம் வாங்கியது. எஞ்சியது பல கை மாறி, 1953ஆம் ஆண்டு ஜெ. பால் கெட்டியின் கொடையாக லாஸ் ஏஞ்சலிஸை அடைந்தது.

தரையில் விரிப்பதற்காக நெய்யப்பட்ட கம்பளம் இலண்டனில் நெடுங்காலம் சுவரில் தொங்கியது. 2006ஆம் ஆண்டு ஜமீல் கூடம் திறக்கப்பட்டபோதுதான் அது மீண்டும் தரைமட்டத்தில், கண்ணாடிப் பேழைக்குள் படுக்கை நிலையில் அமைந்தது. சாயம் மங்காதிருக்க ஒவ்வொரு அரைமணிக்கும் பத்து நிமிடம் மட்டுமே அதற்கு ஒளியூட்டும் முறை ஏற்படுத்தப்பட்டது. சுவரிலிருந்து தரைக்கு இறக்கிய அந்த ஒரு மாற்றம், பல பக்க விளக்கத்தைவிட மிகுதியாக உணர்த்தியது. காட்சிப்படுத்தும் முறையும் ஒருவகை உரையே என்பதற்கு இது சான்று.

கண்காட்சிகள் ஏன் மாறுகின்றன?

நிகழ்ச்சி நிரலில் கண்காட்சிகள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதற்குப் புதுமை நாட்டம் மட்டும் காரணமன்று. காகிதமும் பட்டும் சாயமும் ஒளியால் சிதைபவை. ஒருமுறை மங்கிய நிறம் மீளாது. ஆதலின் சிற்றோவியங்களையும் கையெழுத்துப் படிகளையும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டும் வைத்து, பின்னர் நீண்டகாலம் இருட்டறையில் ஓய்வெடுக்க விடுகின்றனர். கல்லும் உலோகமும் மட்பாண்டமும் நிலையான கூடங்களில் இருக்க, ஏடுகள் மட்டும் வந்து வந்து மறைவது இதனால்தான்.

மற்றொரு காரணம் இரவல். ஒரு பொருளைப் பற்றிய முழு வரலாற்றைச் சொல்ல ஒரு நிறுவனத்தின் உடைமை போதாது. 2012ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் ஏப்ரல் 15 வரை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடந்த ஹஜ் பற்றிய கண்காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரியாதிலுள்ள மன்னர் அப்துல் அஸீஸ் பொது நூலகத்தின் ஒத்துழைப்போடு, வெனிஷியா போர்ட்டர் அதனை அமைத்தார். பல நாடுகளிலிருந்து துணிகளும் ஏடுகளும் வரைபடங்களும் பயணக் குறிப்புகளும் இரவலாகத் திரட்டப்பட்டன. அவற்றோடு, ஹஜ் செய்து திரும்பிய பிரித்தானிய முஸ்லிம்களின் குரல்களும் இடம்பெற்றன. கரிய கனசதுரக் காந்தத்தைச் சுற்றி இரும்புத் துகள்கள் வளையமிட்டு நிற்குமாறு சவூதிக் கலைஞர் அஹ்மத் மாத்தர் அமைத்த படைப்பும் வைக்கப்பட்டது. கஅபாவை வலம்வரும் மாந்தரின் ஈர்ப்பை அது உணர்த்தியது. கண்காட்சியையொட்டி நடந்த கருத்தரங்கின் கட்டுரைகள் 2013ஆம் ஆண்டு நூலாயின. ஏப்ரலில் பேழைகள் காலியாயின, உரைகள் எஞ்சின.

குமாரசுவாமி கேட்ட ‘எதற்காக’ என்பதற்கு அக்கண்காட்சியில் விடை சொன்னவர்கள் ஹாஜிகளே. வழிபாட்டுப் பொருளைப் பற்றி, அவ்வழிபாட்டைச் செய்வோர் பேசினர். அடுத்த ஆண்டு, அதாவது 2013 ஆகஸ்ட் முதல் 2014 ஜனவரி வரை, போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் ஈரானையும் அரபுலகையும் சார்ந்த பெண் புகைப்படக் கலைஞர் பன்னிருவரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. ஷிரின் நேஷாத், லல்லா இஸ்ஸைதி முதலியோர் அவர்களுள் அடங்குவர். முஸ்லிம் பெண்ணைப் பிறர் வரைந்த படங்களால் மட்டும் அறிந்திருந்த பார்வையாளருக்கு, அப்பெண்டிரே தம்மையும் தம் நாட்டையும் காட்டினர். வாழும் கலைஞரின் படைப்புகளுக்கு அருங்காட்சியகத்தில் இடமில்லை என்பது குமாரசுவாமியின் கருத்து. அப்படைப்புகள் வாழ்க்கைக்குள்ளேயே இடம் தேடவேண்டும் என்றார் அவர். இதில் அவருடன் நாம் உடன்படத் தேவையில்லை. ஒரு மக்களைப் பற்றிய பழம்பொருள்கள் மட்டுமே பேழைகளில் இருக்குமானால், அம்மக்களே இறந்தகாலத்தவர் என்ற எண்ணம் பார்ப்போர் உள்ளத்தில் தங்கிவிடும். வாழ்வோரின் படைப்பு அதனைத் திருத்துகிறது.

பெயரும் வழிவரலாறும்

விளக்கக் குறிப்பில் கவனிக்கவேண்டியவை இன்னும் இரண்டு உள. முதலாவது பெயர். ‘இஸ்லாமியக் கலை’ என்னும் தொடர் ஸ்பெயின் முதல் இந்தியா வரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளை ஒரே சொல்லால் சுட்டுகிறது. பௌத்தக் கலை என்றால் பெரும்பாலும் வழிபாட்டைச் சார்ந்த கலையைக் குறிக்கும். இஸ்லாமியக் கலை என்ற தலைப்பின்கீழோ, பள்ளிவாசல் விளக்கும் அரசனின் மதுக்கிண்ணமும் ஒருங்கே இடம்பெறுகின்றன. மார்க்கம் விலக்கியதையும் மார்க்கத்தின் பெயராலேயே சுட்டும் இக்குழப்பத்தை அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றனர். 2011ஆம் ஆண்டு நவம்பரில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் புதிய 15 கூடங்களைத் திறந்தபோது, அரபு நிலங்கள், துருக்கி, ஈரான், நடு ஆசியா, பிற்காலத் தெற்காசியா என்று நாடுகளையே அவற்றுக்குப் பெயராக வைத்தது. பெயர் நீண்டது; ஆனால் அப்பரப்பில் வாழ்ந்த பிற சமயத்துக் கைவினைஞர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. மறுபுறம், இந்நிலங்களை இணைத்த ஒரே மொழியும் ஒரே எழுத்தும் ஒரே நம்பிக்கையும் அப்பெயரில் மறைந்துபோகும் என்ற மறுப்புக்கும் நியாயம் உண்டு.

இரண்டாவது, அப்பொருள் அங்கு வந்துசேர்ந்த வழி. யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த நிலையில் பெறப்பட்டது என்பதை இன்று அருங்காட்சியகங்கள் ஆராய்ந்து வெளியிடவேண்டிய கட்டாயம் வலுத்துள்ளது. போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 2006ஆம் ஆண்டு 13 பழம்பொருள்களை இத்தாலியிடம் ஒப்படைத்தது. 2011ஆம் ஆண்டு ஹெர்குலிஸ் சிலையொன்றின் மேற்பாதியைத் துருக்கியிடம் ஒப்படைத்தது. அதன் கீழ்ப்பாதி துருக்கியிலேயே இருந்தது. எல்லாப் பொருளும் திருடப்பட்டதும் அன்று. எல்லாப் பொருளும் நேர்மையாக வாங்கப்பட்டதும் அன்று. அர்தபீல் கம்பளங்களின் கதையில் விற்பனையும் உண்டு, சிதைவும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. மூன்றையும் மறைக்காமல் சொல்வதே விளக்கக் குறிப்பின் கடமை.

முஸ்லிம் நாடுகளில் நிறுவப்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் இதே அளவுகோல்தான். கோலாலம்பூரில் 1998ஆம் ஆண்டும் தோஹாவில் 2008ஆம் ஆண்டும் இஸ்லாமியக் கலைக்கென்றே பெரும் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. தோஹாவின் கட்டடத்தை வரைந்த ஐ. எம். பெய், கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசலிலுள்ள ஒளூச் செய்யும் நீர்மண்டபத்திலிருந்து அதன் வடிவைப் பெற்றார். அங்குள்ள பொருள்களும் தம் இடத்தை விட்டு வந்தவையே. பார்ப்போர் முஸ்லிம்களாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் தன் பயனை மீட்டுக்கொள்வதில்லை. அதனை எடுத்துரைக்க அங்கும் ஒருவர் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் நம்மவர் பலர் இந்நகரங்களுக்குச் செல்கின்றனர். சிலர் அங்கேயே வாழ்கின்றனர். அவர்கள் இக்கூடங்களுக்குச் செல்லும்போது ஒவ்வொரு பொருளின் முன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது எதற்காகச் செய்யப்பட்டது? இதன்மீது என்ன எழுதப்பட்டுள்ளது? இது எவ்வழியே இங்கு வந்தது? விளக்கக் குறிப்பில் விடை இல்லையேல், கூட உரையின் இறுதியில் எழுந்து கேட்கலாம். அரபி எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பார்வையாளர், அத்தகைய அவையில் பலருக்குத் தெரியாத ஒன்றை அறிந்தவர். ஒரு திருவசனத்தை அடையாளம் காட்டுவதன் மூலம் ‘அலங்காரம்’ என்று கடந்துபோகப்பட்ட ஒன்றை மீண்டும் ‘சொல்’ ஆக்க அவரால் முடியும்.

நம் ஊர்களிலும் இக்கேள்விக்கு வேலை உண்டு. பழைய பள்ளிவாசல் ஒன்று விரிவாக்கப்படும்போது மரமிம்பரும் தொங்குவிளக்கும் எழுத்துப் பொறித்த கல்லும் தம் இடத்தை இழக்கின்றன. வீடு இடிக்கப்படும்போது பாட்டனார் ஓதிய ரைஹாலும் அறபுத்தமிழ்க் கையேடும் பழைய பொருள் வாங்குவோர் கைக்குப் போகின்றன. எல்லாவற்றையும் வைத்துக்காக்க எவராலும் இயலாது. ஆனால் அப்பொருள் இன்ன இடத்தில் இருந்தது, இன்ன வேளையில் இன்னாரால் இவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, ஒரு படத்தோடு சேர்த்து ஜமாஅத் அலுவலகத்தில் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. நாளை அப்பொருள் எந்த நகரத்துப் பேழைக்குள் சென்று அமர்ந்தாலும், அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்போருக்குக் கொடுக்க அந்தத் தாள் இருக்கும். அதனை எழுதக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.